பெண் மானை எடுத்தும் பலன் இல்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

இது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் வெள்ளைவால் மான்களைப் பற்றியது. நூறு, இருநூறு ஏக்கர் காடு வைத்திருப்பவர்களுக்கும் நாலைந்து பேராகச் சேர்ந்து வேட்டைக் கிளப் நடத்துபவர்களுக்கும் எழுதுகிறேன். ஆண்டுதோறும் பெண் மான்களை எடுக்கிறோம் (அதாவது சுடுகிறோம்), ஆனால் மந்தை குறைந்து காடு துளிர்க்கும் என்று நினைத்தது நடக்கவில்லை என்பவர்கள் தங்கள் அறிகுறியைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கலாம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே நிலைமை வேறு. ஓநாயும் பூமாவும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த மாநிலத்திலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டன. வளர்ந்த மானைப் பெரிய அளவில் பிடிப்பது இன்று மனிதனும் நெடுஞ்சாலை வண்டிகளும்தான். கொம்பு மானை எத்தனை சுட்டாலும் எண்ணிக்கை குறையாது, மிஞ்சியிருக்கும் ஆண்களே எல்லாப் பெண்களையும் சினைப்படுத்திவிடும். ஒரு பெண் மான் நல்ல தீனி கிடைத்தால் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். அதனால் மந்தையின் அளவைத் தீர்மானிப்பது பெண் மான்கள்தான்.

கீழே உள்ளவற்றைச் சரிபார்க்க மூன்று பொருள்கள் வேண்டும்: காட்டுக்குள் கம்பி வலை அடித்த ஒரு சிறு துண்டு நிலம், எடுத்த ஒவ்வொரு மானின் கீழ்த்தாடை, ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டில் தேதி, குடல் நீக்கிய எடை, மடியில் பால் இருந்ததா என்ற மூன்றும் இருந்தால் போதும். இவை இல்லாமல் மந்தையைப் பற்றிப் பேசுவது டீக்கடை அரசியல்தான்.

அறிகுறி: பெண் மான்களை எடுக்கிறோம், ஆனாலும் காட்டில் இளம் மரக்கன்று எதுவும் மேலே வரவில்லை

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

முதலில் வலை அடித்த துண்டைப் பாருங்கள். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் இருந்தால் போதும். இடம் சிறிதாக இருந்தால் ஆளுயர வலையே போதுமானது, குறுகிய இடத்துக்குள் குதிக்க மான் துணியாது. இரண்டு மூன்று வளர்பருவம் கழித்து உள்ளேயும் வெளியேயும் ஒப்பிடுங்கள்.

உள்ளே ஓக், ஹெம்லாக் மரக்கன்றுகள், டிரில்லியம் என்ற காட்டுப்பூச்செடி எல்லாம் தலைதூக்கி, வெளியே எதுவும் இல்லையென்றால் காரணம் மான்தான். ஒரு சந்தேகம் வரலாம், முயலாக இருந்தால்? நுனியைத் தொட்டுப் பாருங்கள். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, அதனால் கிளையைப் பிய்த்து இழுக்கும். நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக வெட்டும்.

உள்ளேயும் எதுவும் முளைக்கவில்லை என்றால் மானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பென்சில்வேனியாவில் இதற்குப் பெரும்பாலும் காரணம் பெரணி. பல பத்தாண்டுகளாக மான்கள் மற்ற எல்லாவற்றையும் தின்று, தங்களுக்குப் பிடிக்காத வைக்கோல் மணப் பெரணியை மட்டும் விட்டுவைத்தன. இன்று அது முழங்கால் உயரத்துக்குத் தரையை மூடிக் கிடக்கிறது. அதன் அடியில் வெயில் படாது, விதை விழுந்தாலும் முளை தேறாது. அந்தக் காட்டில் மானே இல்லாமல் செய்தாலும் பெரணி தானாக ஒதுங்காது. வனத்துறை ஆலோசகரைக் கூப்பிட்டு, கோடைக் கடைசியில் களைக்கொல்லி அடிப்பதா, மேலே சில மரங்களை வெட்டி வெளிச்சம் விடுவதா என்று முடிவெடுங்கள். அப்புறம்தான் மான் கணக்கு.

இந்த நிலைமை எப்படி உருவாகிறது என்பதை அமெரிக்க வனப்பணித் துறை 1980-களில் இதே மாநிலத்தின் வடமேற்கில் பெரிய வேலிகளுக்குள் வைத்துப் பரிசோதித்தது. ஒவ்வொரு வேலிக்குள்ளும் வெவ்வேறு எண்ணிக்கையில் மான்களை விட்டுப் பத்தாண்டு பார்த்தார்கள். மான் கூடக்கூட மரவகைகள் குறைந்தன, மான் அதிகம் விரும்பாத பிளாக் செர்ரியும் பெரணியும் மிஞ்சின. நடு உயரத்துக் கிளைகளில் கூடு கட்டும் பறவைகளும் குறைந்துபோயின. பறவை பார்க்கும் நண்பர்கள் வேட்டைக்காரர்களைத் திட்டும்போது இதை நினைவூட்டுவது என் வழக்கம்.

காரணம் மான்தான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, எத்தனை எடுக்கிறீர்கள்? எண்ணிக்கை ஏறாமல் நிறுத்தவே வளர்ந்த பெண் மான்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் எடுக்க வேண்டியிருக்கும் என்பது மேலாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. குறைக்க வேண்டுமானால் அதற்கும் மேலே. ‘ரெண்டு பெண் மான் எடுத்தோமே’ என்பது பத்து பெண் மான்கள் மேயும் இடத்தில் ஒன்றும் செய்யாததற்குச் சமம். சாதாரண லைசென்ஸ் போதாவிட்டால் மாநில வேட்டை ஆணையத்தின் டிமேப் திட்டத்தில் நில உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். அந்த நிலத்துக்கு மட்டும் செல்லும் கூடுதல் பெண் மான் அனுமதிகள் கிடைக்கும்.

எடுத்தது போதுமான எண்ணிக்கை, ஆனாலும் பலன் இல்லையா? பக்கத்து நிலத்தைப் பாருங்கள். ஒரு பெண் மானின் நடமாட்டப் பரப்பு சில நூறு ஏக்கர் வரை போகும். நூற்றைம்பது ஏக்கர் கிளப்புக்குத் ‘தன் மான்’ என்று எதுவும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. பெண் குட்டிகள் வளர்ந்தபின் தாயின் பக்கத்திலேயே இடம் பிடிக்கும். பாட்டி, தாய், மகள் என்று ஒரு வம்சமே ஒரே மூலையில் சேர்ந்து வாழும். நியூயார்க்கின் அடிராண்டாக் மலைகளில் அப்படிப்பட்ட ஒரு வம்சத்தை முழுதாக அகற்றியபோது அந்த இடம் சில ஆண்டுகள் வெறுமையாகவே இருந்தது. அங்கே மான் அடர்த்தி குறைவு, நெரிசலான இடத்தில் வேகமாக நிரம்பிவிடும். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: நிலம் முழுக்க ஆங்காங்கே ஒவ்வொன்றாக எடுப்பதைவிட, சேதம் அதிகமான மூலையில் குவித்து எடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் அடுத்த ஆண்டே காடு துளிர்க்காது. விதை தரும் மரமே இல்லாமல் போயிருந்தால் காத்திருப்பு இன்னும் நீளும்.

அறிகுறி: பெண் மான் என்று சுட்டோம், அருகில் போனால் ஆண் குட்டி

இந்த வயது ஆண் குட்டியை இங்கே பட்டன் பக் என்பார்கள். கொம்பு தோலுக்கடியில் சிறு புடைப்பாக மட்டும் இருக்கும். சட்டப்படி இதில் தவறில்லை, மூன்று அங்குலத்துக்குக் குறைவான கொம்பு உள்ள மான் பென்சில்வேனியாவில் ‘கொம்பில்லாத மான்’ கணக்கில்தான் வரும். ஆனால் மந்தைக் கணக்கில் இது வீண்செலவு. அனுமதி தீர்ந்தது, குட்டி போடும் தாய் அப்படியே இருக்கிறது.

எடுத்ததில் நாலில் ஒன்றுக்கு மேல் பட்டன் பக் என்றால் சுடும் முறையில் கோளாறு. தனியாக வரும் கொம்பில்லாத மானைச் சுடாதீர்கள். வயலுக்கு முதலில் துணிச்சலாக நடந்து வருவது பல நேரம் ஆண் குட்டிதான், வளர்ந்த பெண் ஓரத்திலேயே நின்று காற்றை மோந்து பார்க்கும். இரண்டு மூன்று மான்கள் சேர்ந்து நிற்கும்வரை பொறுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அளவு தெரிந்துவிடும். வளர்ந்த பெண்ணுக்கு முகம் நீளம், கழுத்து நீளம், உடம்பு செவ்வகம். குட்டிக்கு முகம் கட்டை, உடம்பு சதுரம். காதுகளுக்கு நடுவே உச்சி வளைந்திருந்தால் பெண், தட்டையாக இருந்தால் ஆண். பைனாகுலர் இதற்குத்தான், ரைஃபிள் ஸ்கோப்பில் பார்க்காதீர்கள்.

தேதியும் முக்கியம். அக்டோபரில் தாய்க்கும் குட்டிக்கும் அளவு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டிசம்பர், ஜனவரியில் குட்டி வளர்ந்துவிடும், மங்கலான மாலை வெளிச்சத்தில் யாரும் ஏமாறுவார்கள்.

‘ஐயோ, ஒரு பெரிய கொம்பனை இழந்துவிட்டோமே’ என்று புலம்புகிறவர்களுக்கு: ஆண் குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வயதில் பிறந்த இடத்தைவிட்டுப் பல மைல் தள்ளிப் போய்விடும். நீங்கள் இழந்தது அநேகமாக வேறொருவருடைய கொம்பனை.

அறிகுறி: கிளப் ஆட்கள் பெண் மானைச் சுட மறுக்கிறார்கள்

இது மான் பிரச்சினை அல்ல, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகத் திட்டங்களைக் கவிழ்த்தது இதுதான்.

பின்னணி தெரிந்தால் கோபம் வராது. 1900 வாக்கில் பென்சில்வேனியாவில் மான் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. வேறு மாநிலங்களிலிருந்து மான்களை வாங்கிவந்து காட்டில் விட்டார்கள். 1907-இல் கொம்பு மானை மட்டுமே சுடலாம் என்று சட்டம் வந்தது. அது அருமையாக வேலை செய்தது, வேலை செய்து முடித்த பிறகும் மனதில் தங்கிவிட்டது. பெண் மானைக் காப்பாற்றுவதே நல்ல வேட்டைக்காரனின் அடையாளம் என்று தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1920-களிலேயே மான் பெருகிப் பட்டினியால் சாகத் தொடங்கியதும் ஆணையம் பெண் மான் சீசனைத் திறந்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. விஸ்கான்சினிலும் இதே கதை. அங்கே இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தில் இருந்த வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் 1943-இல் பெண் மான் வேட்டைக்கு ஆதரவாக நின்று பொதுமக்களிடம் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் விஸ்கான்சினே உதாரணம். முதலில் ஒரு கொம்பில்லாத மானை எடுத்தால்தான் கொம்பு மான் சுடலாம் என்ற ‘ஏர்ன் எ பக்’ விதியை 1990-களில் சில பகுதிகளில் கொண்டுவந்தார்கள். எண்ணிக்கை குறைந்தது, வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள், 2011-இல் சட்டமன்றமே அந்த விதிக்குத் தடை போட்டது. உங்கள் கிளப்பில் இதே விதியைப் போட்டால் அடுத்த ஆண்டு கூட்டத்துக்கு ஆள் வராது என்பது என் கணிப்பு.

பலன் தருவது காட்டுவதுதான். எல்லாரையும் வலைத் துண்டுக்கு அழைத்துப் போய் உள்ளே வெளியே பார்க்கச் சொல்லுங்கள். எடைப் பட்டியலை ஒட்டுங்கள், ஒன்றரை வயது மான்களின் எடை ஆண்டுக்காண்டு இறங்குவது தெரிந்தால் வாதம் பாதி முடிந்துவிடும்.

‘தாயைச் சுட்டால் குட்டி அனாதையாகுமே?’ என்பது நியாயமான கேள்வி. குட்டி மே கடைசி, ஜூனில் பிறக்கிறது. இலையுதிர்காலத்துக்குள் தானே மேயும், பால் இல்லாமல் பிழைத்துக்கொள்ளும். சொல்லப்போனால், தாயை இழந்த ஆண் குட்டிகள் பிறந்த இடத்தைவிட்டுப் போவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய்தான் வழக்கமாக விரட்டி அனுப்பும்.

‘இவ்வளவு கறியை என்ன செய்வது?’ என்றால், ஹன்டர்ஸ் ஷேரிங் தி ஹார்வெஸ்ட் என்ற அமைப்பு 1991 முதல் வேட்டைக்காரர்கள் தரும் மான் கறியை உணவு வங்கிகளுக்குச் சேர்க்கிறது. பதிவு பெற்ற கசாப்புக் கடையில் மானைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

அறிகுறி: குட்டிகளே கண்ணில் படவில்லை

நோட்டை எடுங்கள். அக்டோபரில் எடுத்த வளர்ந்த பெண் மான்களில் எத்தனைக்கு மடியில் பால் இருந்தது? ‘வளர்ந்த’ என்பதைத் தாடைதான் சொல்லும். ஒன்றரை வயதுவரை மூன்றாவது கடைவாய்ப் பல்லுக்கு மூன்று முகடு இருக்கும். அந்தப் பால்பல் விழுந்து முளைக்கும் நிலையான பல்லுக்கு இரண்டே முகடு. இரண்டு முகடு, தேய்ந்த பல் என்றால் இரண்டரை வயதோ மேலோ. இந்தக் கணக்கில் ஒன்றரை வயதைச் சேர்க்காதீர்கள், அவற்றில் பல இன்னும் முதல் குட்டியே போட்டிருக்காது.

பெரும்பாலானவற்றுக்குப் பால் இருந்தால் குட்டிகள் இருக்கின்றன, நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பால் குறைவு, எடையும் குறைவு என்றால் தீனி போதவில்லை. மான் அதிகம் என்றே பொருள், எடுப்பதைக் கூட்டுங்கள். குட்டி குறைந்தால் எடுப்பதையும் குறைக்கவேண்டும் என்று தோன்றும். இந்த இடத்தில் அது தப்பு.

பால் குறைவு, ஆனால் எடை நன்றாக இருக்கிறது என்றால் கதை வேறு. குட்டி பிறந்து சில வாரங்களில் செத்திருக்கிறது, மடி வற்றிவிட்டது. கயோட்டியும் (ஓநாய்க்குச் சிறிய உறவினம்) கருங்கரடியும் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும். தென் கரோலினாவின் சவன்னா ஆற்றுப் பகுதியில் குட்டிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பார்த்தபோது சாவுகளில் பெரும்பங்கு கயோட்டியால்தான் என்று தெரிந்தது. அங்கே கயோட்டியைப் பிடித்துக் குறைத்தும் பார்த்தார்கள், பலன் ஆண்டுக்கு ஒரு மாதிரி இருந்தது. செலவும் அதிகம். சிறு நிலத்துக்காரருக்கு எளிய வழி பெண் மான் எடுப்பதைக் குறைப்பதுதான். இறுக்கிய கையைத் தளர்த்தினால் மந்தை தானே ஈடுகட்டும்.

இதோடு சேர்த்துக் கேட்கப்படும் இன்னொன்று: அக்டோபரிலும் உடம்பில் புள்ளி மாறாத குட்டி திரிகிறதே, ஆண் மான் போதவில்லையா? இருக்கலாம். நவம்பரில் சினைப்படாத பெண் ஏறக்குறைய 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும், அதனால் குட்டி ஒரு மாதம் பிந்தும். ஆனால் தீனி செழிப்பான இடத்தில் ஆறேழு மாதப் பெண் குட்டியே டிசம்பரில் சினையாகி ஜூலையில் ஈனும். அது நோய் அல்ல, கொழுப்பு. எடைப் பட்டியல் எது என்று சொல்லிவிடும்.

அறிகுறி: சீசன் தொடங்கியதும் பெண் மான்கள் பகலில் மாயமாகிவிடுகின்றன

நீங்கள் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். நாற்பது நாள் தொடர்ந்து அதே பரணில் உட்கார்ந்தால் மான் உங்கள் அட்டவணையை மனப்பாடம் செய்துவிடும். வேலையைச் சீக்கிரம் முடியுங்கள். அக்டோபர் நடுவில் கொம்பில்லாத மான்களுக்கு மஸில்லோடர் (குழல் வாய்வழி மருந்து அடைக்கும் துப்பாக்கி) வாரம் வருகிறது, அதைப் பயன்படுத்துங்கள். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு (நவம்பர் நாலாம் வியாழன்) அடுத்த சனிக்கிழமை ரைஃபிள் சீசன் தொடங்கும்போது பாதி எண்ணிக்கை முடிந்திருக்க வேண்டும். அதற்குள் எடுத்தால் மிஞ்சும் மான்களுக்குக் குளிர்காலத் தீனியும் மிஞ்சும்.

எட்டுப் பெண் மான்கள் நிற்கும் கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் ஏழு மான்கள் பாடம் கற்றுக்கொண்டு ஓடும். இரண்டு நிற்கும்போது இரண்டையும் எடுக்கப் பாருங்கள். தீனி வயலின் நடுவே சுடுவதைத் தவிர்த்து, வயலுக்கு வரும் பாதையில் சுடுங்கள். அப்புறம், அந்தப் பரணுக்குச் சில நாள் ஓய்வு கொடுங்கள். ரைஃபிள் சீசனில் 250 சதுர அங்குல ஆரஞ்சுத் துணி கட்டாயம். மானுக்கு அந்த நிறம் பெரிதாகத் தெரியாது, அதைச் சாக்காக வைத்துக் கழற்றவேண்டாம்.

அறிகுறி: செத்த மான்கள் கிடக்கின்றன

கோடைக் கடைசி, குளம் ஓடை ஓரம், நல்ல உடம்போடு செத்துக் கிடந்தால் ஈ.எச்.டி. என்ற ரத்தக்கசிவு நோயாக இருக்கலாம். சிறு கடி ஈக்கள் பரப்புவது, முதல் உறைபனியோடு ஓய்ந்துவிடும். மனிதருக்குத் தொற்றாது. நிறையச் செத்திருந்தால் அந்த ஆண்டு பெண் மான் அனுமதிகளைப் பயன்படுத்தாமல் விடுங்கள்.

எந்தப் பருவத்திலும் எலும்பும் தோலுமாக, எச்சில் ஒழுக, தலை தொங்கித் திரியும் மான் என்றால் சி.டபிள்யூ.டி. என்ற நாள்பட்ட மெலிவு நோய் சந்தேகம். பிரியான் என்ற பிறழ்ந்த புரதத்தால் வரும் நோய், மருந்து கிடையாது. பென்சில்வேனியாவில் 2012 முதல் இருக்கிறது. தொடாதீர்கள், வேட்டை ஆணையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நோய்ப் பகுதிக்குள் எடுத்த மானின் தலையை ஆணையம் வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் இலவசமாகப் பரிசோதிப்பார்கள். முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் தனியாக வையுங்கள், நோய் உறுதியானால் சாப்பிடக்கூடாது. தலை, தண்டுவடம் போன்ற பாகங்களை அந்தப் பகுதியைவிட்டு வெளியே கொண்டுபோவது சட்டவிரோதம்.

அறிகுறி: கறி ரப்பர் மாதிரி இருக்கிறது, அல்லது வாடை அடிக்கிறது

ரப்பர் என்றால், விறைப்பு விடுவதற்கு முன் எலும்பிலிருந்து பிரித்து உறையவைத்திருப்பீர்கள். உறையாமல், 4 டிகிரிக்கு மேலும் போகாமல் ஐந்தாறு நாள் தொங்கவிடுங்கள். வாடை என்றால் கொழுப்பு, மான் கொழுப்பு நாக்கில் மெழுகாக ஒட்டும், வெட்டி எறியுங்கள். பால் மடியைக் கிழிக்காமல் முழுதாக அறுத்து எடுங்கள். தொடைக்கறிக்குக் குக்கரும் மிளகும் சரி. முதுகுத்தண்டை ஒட்டிய கறியைக் குக்கரில் போடுகிறவர்களுக்கு நான் மான் கொடுப்பதில்லை.

அறிகுறி: இப்போது மானே தென்படவில்லை, அளவுக்கு மீறிவிட்டோமோ?

2000-களின் தொடக்கத்தில் பெண் மான் அனுமதிகள் பெருகி, 2002-இல் கொம்பு முனைக் கட்டுப்பாடும் (கொம்பில் இத்தனை முனையாவது இருந்தால்தான் சுடலாம் என்ற விதி) வந்தபோது மாநிலம் முழுக்க எழுந்த குரல் இது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் பரணிலிருந்து பார்த்த மான்களின் எண்ணிக்கை நம்பத்தக்க அளவுகோல் அல்ல. ஓக் கொட்டை ஏராளமாக விழுந்த ஆண்டில் மான் காட்டுக்குள்ளேயே தின்று படுத்துவிடும், வயலுக்கு வராது. அடியில் புதர் வளர்ந்த காட்டில் முன்போலக் கண்ணுக்கும் எட்டாது. நீங்கள் விரும்பிய மாற்றமே மானை மறைக்கும்.

வலைக்கு வெளியே நடந்து பாருங்கள். ஓக் கன்றுகள் நெஞ்சுயரம் தாண்டி, நுனி கடிபடாமல் நிற்கின்றனவா? ஒன்றரை வயது மான்களின் எடை ஏறியிருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அடுத்த ஆண்டு டிமேப் அனுமதியைப் பாதியாகக் குறைத்து விண்ணப்பியுங்கள். கன்று இன்னும் முழங்காலிலேயே நிற்கிறது என்றால் மான் கண்ணில் படாவிட்டாலும் இருக்கிறது. எண்ணிக்கையைக் குறைக்காமல் இன்னும் இரண்டு பருவம் தொடருங்கள்.